வீட்டு சுவத்துல கிட்டாரும் பேஸும் மாட்டுறது: எந்த சுவர், எந்த ஹேங்கர், நம்ம ஊர் ஈரத்துக்கு சரிப்படுமா?

தாழ்சுருதி (பெரும்பாக்கம்)
எல்லாருக்கும் வணக்கம். புது ஃப்ளாட்டுக்கு வந்தாச்சு, ஹால்ல டிவிக்கு எதிர் சுவர் முழுக்க காலியா இருக்கு, வீட்ல அந்த சுவத்த எனக்கே விட்டுக்கொடுத்துட்டாங்க. என்கிட்ட நாலு இருக்கு: ஒரு பிரிசிஷன் பேஸ் கிட்டார், ஒரு அஞ்சு கம்பி ஜாஸ் பேஸ், ஒரு ஸ்ட்ராட் (எலக்ட்ரிக் கிட்டார்), ஒரு டிரெட்நாட் (பெரிய உடம்பு) அக்குஸ்டிக். இதுவரைக்கும் எல்லாம் கேஸ்லயும் கிக் பேக்லயும் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு, ஜிப்ப திறந்து வெளிய எடுக்குறதுக்குள்ள வாசிக்கிற மூடே போயிடுது, கண்ணுக்கு முன்னாடி தொங்கினா தினமும் பத்து நிமிஷமாவது கை வைப்பேன்னு தோணுது. என் சந்தேகம் என்னன்னா பேஸ் வெயிட்டுக்கு நெக் (கம்பி ஓடுற நீளக் கழுத்து) இழுத்துக்குமா, சாதா ஹேங்கர் தாங்குமா, சென்னை ஈரக்காத்துல வெளிய மாட்டி வெச்சா மரம் என்ன ஆகும், அப்புறம் வீட்ல நாலு வயசு பாப்பா இருக்கா, எவ்ளோ உயரத்துல மாட்டணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஆறுகம்பி
முதல்ல அந்த நெக் பயத்த விட்டுடுங்க ப்ரோ. 45-105 செட் (கம்பியோட தடிமன் நம்பர்) போட்ட நாலு கம்பி பேஸ்ல ட்யூன் பண்ணி வெச்சதுமே கம்பிங்க எல்லாம் சேர்ந்து நெக்க சுமார் 75 கிலோ அளவுக்கு இழுத்துட்டு இருக்கு, எலக்ட்ரிக் கிட்டார்ல 10-46 செட்டுக்கு 46 கிலோ கிட்ட, அக்குஸ்டிக்ல 12 செட் போட்டா 70 கிலோவ தாண்டும். அந்த இழுவைக்கு எதிரா தான் நெக்குக்கு உள்ள ஓடுற ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி வேலை செஞ்சிட்டு இருக்கு. ஒரு பேஸோட மொத்த வெயிட்டே நாலு, நாலரை கிலோ தான். அத தொங்க விட்டா நெக் நீளாது, வளையாது. கடைங்கள்ல எல்லாம் வருஷக்கணக்கா சுவத்துல தான் தொங்குது, அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் 1842ல இருந்து இருக்கிற கடை, அங்க போனா பார்க்கலாம்.

இன்னொன்னு, மாட்டி வைக்கிறதுக்காக கம்பிய லூஸ் பண்ணவும் வேணாம். தினமும் எடுத்து வாசிக்கப் போறதுன்னா ட்யூன்லயே தொங்கட்டும், லூஸ் பண்ணி டைட் பண்ணி விளையாடினா தான் நெக் செட் ஆகாம அலையும்.

கொத்துவேலை (இன்டீரியர் வேலை, வேளச்சேரி)
எல்லாரும் எந்த ஹேங்கர் வாங்கலாம்னு தான் கேக்குறாங்க, எந்த சுவர்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. நான் தினமும் சுவத்துல ஓட்டை போடுற ஆளு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

ஹேங்கர் டப்பால கூட வர்ற ஸ்க்ரூவ அப்படியே நம்பாதீங்க. பாதி கம்பெனிங்க கொடுக்குறது அமெரிக்க வீட்டுக்கு. அங்க சுவத்துக்கு உள்ள 16 இஞ்சுக்கு ஒரு மரச்சட்டம் நிக்கும், மேல ஜிப்சம் போர்டு, அந்த சட்டத்துல நேரா ஸ்க்ரூ அடிச்சா போதும். நம்ம வீட்ல செங்கல்லோ கான்கிரீட்டோ பிளாக்கோ தான், ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் துண்டு) இல்லாம ஒண்ணும் நிக்காது.

உங்க சுவர் என்னன்னு தெரிஞ்சுக்க பெரிய கருவி எதுவும் வேணாம், அலமாரி பின்னாடி மாதிரி மறைவான இடத்துல ஒரு சின்ன ஓட்டை போட்டு கொட்டுற தூள பாருங்க. முதல் 12, 15 எம்எம் வரைக்கும் சிமெண்ட் பூச்சு, அது பெரும்பாலும் சாம்பல் கலர்ல தான் வரும். அதுக்கு அப்புறம் செவப்பா வந்தா செங்கல், நிம்மதி. சாம்பலா வந்து பிட் முன்னேறவே மாட்டேங்குது, மெஷின் அதிருதுன்னா கான்கிரீட். வெள்ளையும் சாம்பலும் கலந்த மாவு மாதிரி சரசரன்னு கொட்டி, பிட் தானா உள்ள போச்சுன்னா அது ஏஏசி பிளாக், அதாவது உள்ள காத்துக்குமிழ் நிறைஞ்ச லேசான சிமெண்ட் கல்லு. புது ஃப்ளாட்டுங்கள்ல இப்ப நிறைய இது தான், இல்லன்னா மைவான்னு சொல்ற முழு கான்கிரீட் சுவர். தட்டுனா டொக்கு டொக்குன்னு காலியா சத்தம் வந்தா ஜிப்சம் பார்டிஷன், அதுல பேஸ் மாட்டவே மாட்டாதீங்க.

இப்ப கணக்கு. அஞ்சு கம்பி பேஸ் நாலரை கிலோன்னு வெச்சுக்குவோம், ஹேங்கர் கை சுவத்துல இருந்து 10 செமீ வெளிய நீட்டிட்டு இருக்கு. மேல் ஸ்க்ரூவுக்கும் தட்டோட கீழ் விளிம்புக்கும் நடுவுல 5 செமீ தான் இருந்தா, மேல் ஸ்க்ரூவ சுவத்த விட்டு வெளிய இழுக்குற விசை 9 கிலோ. நாலரை இல்ல, ரெண்டு மடங்கு. அதே தட்டு நீளமா 10 செமீ இருந்தா நாலரையோட முடிஞ்சிடும். அதனால தான் சின்ன தட்டு வெச்ச ஹேங்கர விட உயரமா மரக்கட்டை வெச்ச ஹேங்கர் நல்லதுன்னு சொல்றேன். அதோட நாம எடுக்கும் போது, வைக்கும் போது கொடுக்குற வெட்டு இழுப்பு தனி.

செங்கல்லுன்னா 8 எம்எம் பிட், 8 எம்எம் நைலான் பிளக், அதுக்கு ஏத்த நீளத்துல ஸ்க்ரூ. பூச்சுல மட்டும் பிடிச்சா பத்தாது, பிளக் முழுசா கல்லுக்குள்ள போகணும். ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற கலவை மூட்டுல விழுந்துட்டா பத்து செமீ தள்ளி வேற இடம் பாருங்க. ஏஏசின்னா ஹேமர் மோட ஆஃப் பண்ணிடுங்க, சும்மா சுத்துனா போதும், ஹேமர் போட்டா ஓட்டை அகண்டு பிளக் கடகடன்னு ஆடும். அதுக்குன்னே சுருள் வெச்ச பிளக் தனியா வருது, செம்புதாஸ் தெரு பக்கம் கேளுங்க. கான்கிரீட்டுன்னா நல்ல ரோட்டரி ஹேமர் இருக்கிற ஆள கூப்பிடுங்க, பிட் கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பில முட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திட்டு தள்ளிப் போடணும்.

கடைசியா, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ஓட்டை போடாதீங்க, வயர் பைப் அந்த கோட்டுல தான் போகும். ஏசி பாயிண்டுக்கும் அதே. சுவத்துக்கு அந்தப்பக்கம் பாத்ரூம்னா தண்ணி பைப் எந்த வழியா வருதுன்னு கேட்டுட்டு தான் மெஷின எடுக்கணும்.

தாழ்சுருதி
இவ்ளோ விவரமா எழுதுனதுக்கு ரொம்ப நன்றிங்க. நாளைக்கே தூள் பார்த்துட்டு சொல்றேன். பில்டர் கொடுத்த பேப்பர்ல ஏஏசின்னு தான் போட்டிருக்கு.

கடலோரம் (திருவான்மியூர்)
நான் கொஞ்சம் மாத்தி பேசுறேன், யாரும் கோச்சுக்காதீங்க. சுவர் தாங்கும், ஹேங்கர் தாங்கும், எல்லாம் சரி. காத்து? மரத்துக்கு இதமான ஈரப்பதம் 45ல இருந்து 55 சதவீதம். நம்ம ஊர்ல ஜன்னல திறந்து வெச்சா 70க்கு மேல தான் பெரும்பாலும், ஐப்பசி கார்த்திகை மழைல 85, 90ன்னு நிக்கும். கடல் பக்கம்னா உப்பும் சேர்ந்து வருது. வெளிய தொங்குற பேஸ்ல கம்பி மட்டும் துரு பிடிக்கல, பிரிட்ஜ் சேடில்ல (உடம்பு மேல கம்பி உக்காருற தாங்கில) இருக்கிற குட்டி ஆலன் ஸ்க்ரூ எல்லாம் துரு ஏறி இறுகிடுது, அப்புறம் ஆக்‌ஷன் (கம்பியோட உயரம்) அட்ஜஸ்ட் பண்ண சாவி போட்டா தலை உருண்டு போயிடும். சாலிட் டாப் (மேல்பலகை ஒட்டு இல்லாத முழு மரம்) அக்குஸ்டிக்க பத்தி சொல்லவே வேணாம், மரம் ஈரத்த குடிச்சு பிரிட்ஜுக்கு பின்னாடி வயிறு மாதிரி உப்பிக்கும், கம்பி உசந்துக்கும். என் ஓட்டு ஹார்டு கேஸும் சிலிகா ஜெல்லும் தான்.

ஆறுகம்பி
@கடலோரம் உப்பு விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. ஆனா கேஸ் தான் வழின்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். மழை மாசத்துல கேஸ்குள்ள வெச்சு மூடி ஒரு மூலைல விட்டுட்டா உள்ள இருக்கிற வெல்வெட் துணியே ஈரத்த பிடிச்சு வெச்சுக்குது, காத்தோட்டம் கிடையாது, திறந்தா பூஞ்சை வாடை தான் முதல்ல வருது. ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கிற பலகை) மேல வெள்ளையா படிஞ்சு நான் எத்தனையோ பேர் கேஸ்ல பார்த்திருக்கேன். சிலிகா ஜெல்லும் சும்மா போட்டு வெச்சா ஆகாது. ஆரஞ்சு மணி பச்சையா மாறினதும் ஓவன்ல 120 டிகிரில சூடு காட்டி திரும்ப ஆரஞ்சு ஆக்கணும், அத யாரும் செய்றதில்ல. சுவத்துல தொங்குறத தினமும் பார்க்குறோம், துடைக்கிறோம், ஒரு கம்பில செவப்பு புள்ளி வந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும்.

கடலோரம்
தினமும் துடைக்கிறவங்களுக்கு சரி. துடைக்காதவங்க தானே இங்க ஜாஸ்தி. வாசிச்சு முடிச்சதும் காட்டன் துணியால கம்பிக்கு அடியில விட்டு துடைச்சு, மாசம் ஒரு தடவை பிரிட்ஜ் ஸ்க்ரூல ஒரு சொட்டு மெஷின் ஆயில் குண்டூசி முனையால வைக்கிறவரா இருந்தா தாராளமா மாட்டட்டும். கோட்டட் ஸ்ட்ரிங் (மேல பூச்சு கொடுத்த கம்பி) போட்டா இன்னும் நல்லது, விலை ஜாஸ்தி தான், ஆனா பேஸ் கம்பி விலைக்கு அது நீடிக்கிற காலத்த வெச்சுப் பார்த்தா கட்டுப்படியாகும்.

மெல்லிசைமேடை (கோவை)
எங்க ஊர்ல உங்க அளவுக்கு ஈரம் இல்லீங்க, இருந்தாலும் ஒண்ணு சொல்லோணும். ஈரம் எவ்ளோ இருக்குங்கிறத விட எவ்ளோ வேகமா மாறுதுங்கிறது தான் மரத்த படுத்துது. ராத்திரி பூரா ஏசி, பகல் பூரா ஜன்னல் திறந்து வெச்சா தினமும் ஒரு தடவை மரம் சுருங்கி விரியுது. அதனால தூங்குற ரூம்ல ஏசி காத்து நேரா அடிக்கிற சுவத்துல மாட்டாதீங்க. ஹால் தான் நல்லது. அப்புறம் வெளிச்சுவர், அதாவது மழை நேரா அடிக்கிற சுவர் வேண்டவே வேண்டாம், ஓதம் ஏறும். மேற்கு சுவரும் வேண்டாம், சாயங்காலம் வரைக்கும் வெயில் குடிச்சு ராத்திரி பத்து மணிக்கு தொட்டாலும் சூடா இருக்கும். ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கிற உள்சுவர் பாருங்க. 300, 400 ரூபாய்க்கு ஒரு குட்டி ஈரமானி கிடைக்குதுங்க, அத வாங்கி மாட்டப்போற இடத்துலயே ஒரு வாரம் வெச்சு பாருங்க, எல்லா வாதத்துக்கும் அதுவே பதில் சொல்லிடும்.

வெயில்னதும் நினைவு வந்துச்சு, 1958ல இருந்து 1960 வரைக்கும் வந்த கிப்சன் லெஸ் பால் சன்பர்ஸ்ட்ல செர்ரி சிவப்பு நிறம் வெளிச்சம் பட்டுப்பட்டே வெளுத்து தேன் கலருக்கும் எலுமிச்சை கலருக்கும் போயிருக்கு. சேகரிக்கிறவங்களுக்கு அது அழகா இருக்கலாம், நம்ம கிட்டாருக்கு ஜன்னல் வெயில் நேரா படாம இருக்கிறது தான் நல்லது.

ஹம்பக்கர்
யாரும் ஃபினிஷ், அதாவது மரத்து மேல அடிக்கிற பூச்சு பத்தி பேசலயே. ஹேங்கர் கொக்கில இருக்கிற ரப்பர்ல நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பட்டா ரெண்டும் ரியாக்ட் ஆகி லாக்கர் இளகி ரப்பர் தடம் அப்படியே பதிஞ்சிடும், அப்புறம் எத போட்டு துடைச்சாலும் போகாது. வினைல், பழைய ரப்பர் டியூப் எல்லாமே இதே கதை தான். கிப்சன் இன்னும் நைட்ரோ தான் அடிக்குது. சாதா விலைல வர்ற கிட்டார் பேஸ் பெரும்பாலும் பாலியூரித்தேன் இல்ல பாலியஸ்டர், அதுக்கு பயம் இல்ல. உங்களோடது எதுன்னு தெரியலன்னா கம்பெனி சைட்ல ஸ்பெக் பாருங்க, பழசுன்னா பின்பக்க மூடிய கழட்டி உள்ள மறைவுல இருக்கிற பெயிண்ட்ல பட்ஸ் நுனில அசிட்டோன் தொட்டு வெச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு இளகுனா நைட்ரோ. ஹெர்குலிஸ் ஹேங்கர்ல போடுற ஃபோம் எல்லா ஃபினிஷுக்கும் ஒத்துக்கும்னு அவங்களே சொல்றாங்க, அதோட கிட்டார் வெயிட் இறங்கினதும் ரெண்டு பக்கமும் தானா பூட்டிக்கிற கொக்கி வேற இருக்கு, சின்ன பசங்க இருக்கிற வீட்டுக்கு நான் அத தான் சொல்லுவேன். வேற ஹேங்கரா இருந்தா பழைய காட்டன் வேட்டி துணிய கொக்கில சுத்தி நூலால கட்டிடுங்க, செலவே இல்ல.

ஹெட்ஸ்டாக் (சாவிங்க இருக்கிற நெக்கோட மேல்முனை) பத்தியும் பாருங்க. ஃபென்டர் மாதிரி ஆறு சாவியும் ஒரே பக்கம் இருந்தா கொக்கி சுழலணும், அசையாத கொக்கில போட்டா கிட்டார் சாஞ்சு தொங்கும், ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். கிப்சன் ஹெட்ஸ்டாக் பின்னாடி சாஞ்சிருக்கும், ட்ரஸ் ராடு பள்ளத்துக்காக அந்த இடத்துல மரத்த வேற தோண்டியிருப்பாங்க, அது விழுந்தா உடையிறது அங்க தான். அதனால லெஸ் பால், எஸ்ஜி மாதிரி கிப்சன் கிட்டார் எல்லாம் கதவு மோதுற சுவத்துல வேணவே வேணாம்.

தாழ்சுருதி
தூள் பார்த்துட்டேன். பூச்சு தாண்டினதும் வெள்ளை மாவா கொட்டுச்சு, ஏஏசி தான். சுவர் ரெண்டு பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கிற உள்சுவர், வெயில் படாது. இப்ப நாலு ஹேங்கருக்கு எட்டு ஓட்டை ஏஏசில போடுறதா, இல்ல வேற வழி இருக்கா?

கொத்துவேலை
ஏஏசின்னா தனித்தனியா ஹேங்கர் அடிக்க நான் விட மாட்டேன். ஒரு கஸ்டமர் வீட்ல வேற யாரோ சாதா பிளக் போட்டு நேரா அடிச்சிருந்தாங்க, பார்க்க கெட்டியா தான் இருந்துச்சு, தினமும் எடுத்து எடுத்து வெச்சதுல ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு பெருசாகி, பிளக்க விரலால பிடிச்சு வெளிய எடுக்குற நிலைமை. நல்லவேளை அன்னைக்கு கிட்டார் மாட்டல.

உங்களுக்கு நான் சொல்றது இது தான். நல்லா காய்ஞ்ச தேக்கு இல்ல வேங்கை பலகை, ஒன்றரை இஞ்ச் கனம், ஆறு இஞ்ச் அகலம், ஏழு அடி நீளம். அத குறுக்கா சுவத்துல 100 எம்எம் ஃப்ரேம் பிளக் (மரத்தையும் தாண்டி சுவத்துக்குள்ள போற நீள பிளக்) வெச்சு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஒன்றரை அடிக்கு ஒரு ஜோடி அடிங்க. அப்புறம் ஹேங்கர் எல்லாம் மரத்துல தான் ஏறும், ஹேங்கரோட கொடுத்த மர ஸ்க்ரூவே இங்க சரியா உக்காரும். வெயிட்டு ஒரே புள்ளில விழாம பத்து பிளக்குக்கு பிரிஞ்சு போகுது. பின்னாடி அஞ்சாவது பேஸ் வாங்கினாலும் சுவத்த தொட வேணாம், ஹேங்கர தள்ளி அடிச்சுக்கலாம்.

எம்டிஎஃப் பலகை, கடைங்கள்ல இருக்கிற வரிவரியா வெட்டுன போர்டு மாதிரி கேக்காதீங்க, நம்ம ஈரத்துக்கு ஊறி ஸ்க்ரூ பிடிப்பு போயிடும். பிளைவுட்டுன்னா ஐஎஸ் 710 மரைன் பிளை, 18 எம்எம் ரெண்டு ஒட்டி போடணும். தரைத்தளம்னா அடிக்கிறதுக்கு முன்னாடி பலகையோட பின்பக்கம் கரையான் மருந்து ரெண்டு கோட்.

வாடகைவீடு
நான் வாடகைல இருக்கேன், ஓனர் ஒரு ஆணி அடிக்கக் கூட விட மாட்டாரு. எனக்கு ஏதாவது வழி இருக்கா?

கொத்துவேலை
இருக்கே. உங்க சொந்த மர பீரோ, புக் ஷெல்ஃப் இருந்தா அதோட பக்கவாட்டு பலகைல ஹேங்கர் அடிக்கலாம், 18 எம்எம் பிளைன்னா உள்பக்கமா ஒரு ரீப்பர் (மரச்சட்டம்) துண்டு கொடுத்து அதுல ஸ்க்ரூ ஏத்துங்க. இல்லன்னா ரெண்டு ரீப்பர நிமிர்த்தி ஏணி மாதிரி சட்டம் அடிச்சு அடியில அகலமா கால் கொடுத்து சுவத்துல சாய்ச்சு வெச்சுக்கலாம், சாயாம இருக்க கால்ல வெயிட் வேணும். ஒட்டுற ஹூக், டபுள் டேப், இதுல எல்லாம் கிட்டார் மாட்ட நினைக்கவே கூடாது, டிஸ்டெம்பரோட உரிஞ்சு வந்துடும்.

மெல்லிசைமேடை (கோவை)
வாடகை தம்பிக்கு, வீடு காலி பண்ணும் போது ஓட்டைய பட்டி போட்டு அடைச்சு தர்றேன்னு எழுதியே கொடுத்தா சில ஓனருங்க ஒத்துக்குவாங்க, நேர்ல பக்குவமா பேசிப் பாருங்க.

ஒலிப்பதிவு
வீட்லயே ரெக்கார்ட் பண்றவங்க யாராவது இருந்தா இத கவனிச்சுக்கோங்க. சுவத்துல தொங்குற ஒவ்வொரு கிட்டாரும் சும்மா இருக்காது, பக்கத்துல பாடுனாலோ பேஸ் ஆம்ப் ஓடுனாலோ அதே சுருதில இருக்கிற கம்பி கூடவே முனங்கும். ஒரு பாட்டுக்கு குரல் எடுத்து முடிச்சு, வரி முடியிற இடத்துல குரல மட்டும் தனியா போட்டு கேட்டா பின்னாடி லேசா ஒரு ரீங்காரம், அது பக்கத்துல தொங்குன அக்குஸ்டிக்கோட அஞ்சாவது கம்பி. நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் ஆரம்பிக்கிற இடத்துல கம்பி உக்காருற கட்டை) பக்கத்துல ஒரு துணிய கம்பிங்க மேல சுத்தி விட்டா போதும், நின்னுடும். பேஸுக்கு பிரிட்ஜ் பக்கம் ஸ்பாஞ்ச் துண்டு.

அம்மாபிள்ளை
எங்க வீட்ல சுவத்துல மாட்டினதுக்கு அம்மா தான் முதல்ல சந்தோஷப்பட்டாங்க. வாத்தியத்துல கால் படக்கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாங்க, கட்டிலுக்கு அடியில இருந்தப்ப பெருக்கும் போது துடைப்பம் படுதேன்னு வருத்தம். ஒரே விஷயம், சரஸ்வதி பூஜை அன்னைக்கு சந்தனம் குங்குமம் நேரா கிட்டார் உடம்புல வைக்க விடாதீங்க, ஈரச் சந்தனத்தோட குங்குமம் சேர்ந்து வெளிர் கலர் ஃபினிஷ்ல கறையா நின்னுடுது. ஹேங்கர் பலகைல பொட்டு வெச்சு, ஹெட்ஸ்டாக்ல ஒரு பூவ மட்டும் சொருகுவோம்.

அப்புறம் பல்லி. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழ மாட்டாதீங்க, லைட்டுக்கு வர்ற பூச்சிய பிடிக்க பல்லி அங்கயே நிக்கும், எச்சம் எல்லாம் கிட்டார் மேல தான். அக்குஸ்டிக் ஓட்டைக்குள்ள விழுந்தா எடுக்குறது பெரும்பாடு.

தாழ்சுருதி
பல்லிய நான் நினைச்சே பார்க்கல, எங்க ட்யூப்லைட்டு அந்த சுவத்துல தான் இருக்கு, எதிர் பக்கம் மாத்தச் சொல்லிடுறேன். பலகை ஐடியா ரொம்ப பிடிச்சிருக்கு. கடைசி கேள்வி ரெண்டு: உயரம், இடைவெளி. அக்குஸ்டிக்க என்ன பண்றது?

ஆறுகம்பி
இடைவெளிக்கு உடம்போட அகலம் பார்த்துக்கோங்க. டிரெட்நாட் கீழ் வளைவு 40 செமீ கிட்ட வரும், ஸ்ட்ராட் 32, 33. எலக்ட்ரிக்கும் பேஸும் பக்கத்து பக்கத்துல 40 செமீ நடுவுக்கு நடு போதும், அக்குஸ்டிக் பக்கத்துல 50 விடுங்க, எடுக்கும் போது பக்கத்துல இருக்கிறத இடிக்கக்கூடாது. பேஸ் ரெண்டையும் ரெண்டு ஓரத்துல போடுங்க, ஹெட்ஸ்டாக் நீளம், சாவி வேற பெருசு.

உயரத்துக்கு, பேஸ் 34 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிருற நீளம்), கொக்கில இருந்து உடம்பு அடி வரைக்கும் ஒரு மீட்டர் கிட்ட தொங்கும். கொக்கிய தரைல இருந்து 190 செமீல வெச்சா அடிப்பாகம் 90ல நிக்கும், பாப்பா கைக்கு எட்டும் தான், அதுக்கு தான் ஹம்பக்கர் சொன்ன பூட்டுற கொக்கி. அதுக்கு மேல ஏத்துனா நீங்க பேஸ தலைக்கு மேல தூக்கி எடுக்கணும், நாலரை கிலோவ அப்படி தினமும் எடுக்குறது தான் கை நழுவுற வழி. சோஃபாவ மட்டும் அந்த சுவத்துக்கு கிட்ட போடாதீங்க, ஏறி நின்னுடுவா.

கடலோரம்
அக்குஸ்டிக் சாலிட் டாப்பா, லேமினேட்டா (ஒட்டுப்பலகை)?

தாழ்சுருதி
சாலிட் டாப். ஸ்ப்ரூஸ்.

கடலோரம்
அப்ப அத மட்டும் என் பேச்ச கேட்டு ஐப்பசில இருந்து தை வரைக்கும் கேஸ்ல வெச்சிடுங்க, சிலிகா ஜெல்லோட, வாரம் ஒரு தடவை திறந்து மணி கலர் பாருங்க. மத்த மாசம் சுவத்துல இருக்கட்டும், ஈரமானி 65ஐ தாண்டாத வரைக்கும். மாட்டும் போது நெக் ஹீல்ல (நெக் உடம்போட சேர்ற இடத்துல) ஸ்ட்ராப் பட்டன் இருந்தா அது சுவத்துல உரசுதான்னு பாருங்க, உங்களுக்கு பலகை கனம் இருக்கிறதால அநேகமா தப்பிச்சிடும். மூணு எலக்ட்ரிக்கும் வருஷம் பூரா தொங்கலாம், துடைக்கிறேன்னு சொன்னா நான் எதுவும் பேசல.

தாழ்சுருதி
துடைக்கிறேங்க, காட்டன் துணிய பலகைலயே ஒரு சின்ன ஹூக்ல தொங்க விட்டுடுறேன். வர்ற சனிக்கிழமை மரக்கடைக்கு போறேன். @கொத்துவேலை தேக்கு ஒன்றரை இஞ்ச்ல கிடைக்கலன்னா ரெண்டு இஞ்ச் எடுத்து இழைக்கச் சொல்லலாமா?

கொத்துவேலை
தாராளமா. இழைச்ச பிறகு 40 எம்எம் நின்னாலும் பரவால்ல, அப்ப ஃப்ரேம் பிளக் 120 எம்எம் வாங்கிக்கோங்க, ஆனா அதுக்கு முன்னாடி பிளாக் எத்தனை இஞ்ச் கனம்னு பில்டர் கிட்ட கேட்டுடுங்க, உள்சுவர் நாலு இஞ்ச் பிளாக்கா இருந்தா 100க்கு மேல போகாதீங்க, பிட் பெட்ரூம் பக்கம் பூச்ச பெயர்த்துடும். மரக்கடைல பலகைய படுக்க வெச்சு ஒரு முனைல கண்ண வெச்சு நீளத்துக்கு பாருங்க, முறுக்கு இருந்தா வேற எடுக்கச் சொல்லுங்க.